ஒரு மினிட் என்று எழுதிவிட்டுப் போனவர்கள்

விமலகுமாரிக்கு மற்றவர்கள் சொல்லும் நேரத்தைப் பெருக்கத் தெரியும். சரசம்மா "இப்ப வாறேன்" என்றால் அரை மணி. ஜெனில் "அஞ்சு மினிட்" என்றால் நாற்பது. ரெஜிஷா "ஒரு மினிட்" என்றால் இருபத்தைந்து, அதுவும் அடுப்பில் மீன்கறி இல்லாவிட்டால். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் சொந்த மகள் சுமி, "அம்மா, ரெண்டு மினிட், இதா வாறேன்" என்று எழுதிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இதையெல்லாம் அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்பது மனதில் நிற்பதுபோல இதுவும் நின்றது.

கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்தில் இஞ்சிவிளையில் அவள் வீடு. ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடம் ஹோம் நர்ஸாக வேலை பார்த்தவள். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று மாதப் பயிற்சி. அதன் பிறகு திருவனந்தபுரத்து வீடுகளிலும் பிளாட்டுகளிலும் கிடையில் கிடந்தவர்களைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், திருப்பிப் படுக்க வைத்தாள், ஒன்பது பேருக்குக் கண்ணையும் மூடிவிட்டாள். பயிற்சியில் படித்ததில் பாதி மறந்துபோயிற்று. மறக்காதது ஒன்று: படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இரண்டு என்றால் இரண்டுதான். முதுகுத் தோல் சாக்குப்போக்குக் கேட்காது.

பெருக்கல் படிந்ததும் அந்த வேலையில்தான். டூட்டி மாற்ற வர வேண்டிய பெண் போனில், "சேச்சி, தம்பானூர்ல இறங்கியாச்சு, இதா வந்தாச்சு" என்பாள். அவள் குரலுக்குப் பின்னால் கண்டக்டர் "அமரவிளை, அமரவிளை" என்று கத்துவது கேட்கும். தம்பானூர் நகரத்துக்குள்; அமரவிளை அங்கிருந்து ஒரு மணி நேரம். விமலகுமாரி போனை வைத்துவிடுவாள். கட்டி வைத்த பையை அவிழ்த்து, கட்டிலில் கிடப்பவருக்கு மாற்ற இன்னொரு துணியை எடுத்து வைப்பாள்.

முட்டு தேய்ந்ததும் ஊருக்கு வந்துவிட்டாள். வந்த வருடமே சபைப் பெண்கள் கூட்டத்தில் ஒருவர் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். கிடைநோயாளிகள் உள்ள ஏழு வீடுகள்; பெயர் 'கைத்தாங்கு'. ஆரம்பித்தவர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட, குரூப் விமலகுமாரியின் தலையில் விழுந்தது. சிலர் மலையாளத்தில் எழுதுவார்கள், சிலர் தமிழில், எழுதச் சோம்பல்பட்டவர்கள் குரலில் பேசி அனுப்புவார்கள். காலை ஏழு மணிக்கு ஒருவர் முதுகுப் புண்ணைப் படம் பிடித்துப் போடுவார். அதற்கு நேர் கீழே இன்னொருவர் ரோஜாப்பூவோடு குட் மார்னிங் போடுவார்.

"அக்கா, புண்ணுக்க ஓரம் வெள்ளையா, கறுப்பா?" என்று விமலகுமாரி கேட்பாள்.

"ஒரு மினிட் பிள்ளே, இப்ப பாத்துச் சொல்லுதேன்" என்பாள் சரசம்மா. அவளுடைய கணவர்தான் புண்ணோடு கிடப்பவர்.

அரை மணி கழியும்.

"அக்கா, ஓரம்?"

"எந்த ஓரம்?"

ஆரம்பத்தில் கோபம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதையும் பாராமல் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள். பெருக்கத் தொடங்கிய பிறகு கோபம் போய்விட்டது. "ஒரு மினிட்" வந்தால் கடிகாரத்தைப் பார்த்து ஆளுக்குத் தக்கபடி கூட்டி வைத்துக்கொண்டு, தன் வேலைக்குப் போய்விடுவாள். இப்படியே மூன்று வருடம் நிம்மதியாகப் போயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள். இன்சுலின் போடும் வீடுகள் மூன்று. ஊசி போட்டதும் குரூப்பில் "குத்தியாச்சு" என்று எழுத வேண்டும். நோயாளி சாப்பிட்டதும் "தின்னாச்சு". இரண்டுக்கும் நடுவில் அரை மணிக்கு மேல் போகக்கூடாது. ஊசி உள்ளே போய் சோறு போகாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், ஆள் மயங்கும், அதற்குமேலும் போகும்.

அந்த மூன்றில் ஒன்று பொழியூர்க் கடற்கரையில் ரெஜிஷாவின் வீடு. முப்பத்தொரு வயது. கணவன் ஜெய்சன் கப்பலில் வேலை. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் அவளும் மாமனார் சிலுவைதாசனும் மட்டும். ஐம்பது வருடம் கடலில் போன மனுஷன். இப்போது பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, கட்டிலை விட்டுத் தானாக இறங்க முடியாது. வாய் மட்டும் விழவில்லை. ஊசி போட்ட கையோடு தட்டு வந்தால், "நேரம் பாத்துத் தின்ன நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்பார்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு முப்பத்தாறுக்கு ரெஜிஷா எழுதினாள்: "குத்தியாச்சு சேச்சி. ஒரு மினிட், இப்ப வாறேன்."

விமலகுமாரி கடிகாரத்தைப் பார்த்தாள். ரெஜிஷாவுக்கு இருபத்தைந்து, மழைக்கு ஒரு ஐந்து. ஒன்று அடித்து ஆறு நிமிடம் ஆகும்போது "தின்னாச்சு" வரும். அவள் சாளை மீனைப் பொரித்தாள், உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒன்று பத்துக்குப் பார்த்தாள், இல்லை. துணி எடுக்கப் போயிருப்பாள், பெண்ணுக்கு மழையில் வேலை கூடுதல். ஒன்று இருபத்தைந்துக்குச் சரசம்மா ஒரு சந்தேகம் கேட்டாள். அதற்குப் பதில் சொல்வதற்குள் பத்து நிமிடம். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பும்போது மணி ஒன்று நாற்பது.

"மாமா தின்னாரா?" என்று எழுதினாள். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது, படித்ததற்கு வரவில்லை. போன் அடித்தாள். முழுக்க அடித்து நின்றது. இன்னொரு முறை. அதுவும் நின்றது. எந்த வேலையில் இருந்தாலும் ரெஜிஷா இரண்டாவது அழைப்பை எடுத்துவிடுவாள்.

விமலகுமாரி அதன் பிறகு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஜெனிலைக் கூப்பிட்டாள். இடுப்பெலும்பு முறிந்த அம்மாவை வைத்துப் பார்க்கும் ஆட்டோக்காரன், குரூப்பில் ஒரே ஆண்பிள்ளை, பொழியூர்க்காரன்.

"எலே ஜெனிலே, எங்க நிக்க?"

"இதா சேச்சி, வீட்டுக்குப் போயிட்டிருக்கேன். அஞ்சு மினிட்ல நானே விளிக்கேன்..."

"உனக்க அஞ்சு மினிட்டெ எனக்குத் தெரியும். உனக்க முன்னால என்ன இருக்கு, அதச் சொல்லு."

அந்தப் பக்கம் டீக்கடைக் கிளாஸ்களின் சத்தம். "சாயா."

"எவ்வளவு மிச்சம் உண்டு?"

"பாதி."

"பாதியெ அங்கேயே வச்சிட்டு சிலுவைதாசன் மாமா வீட்டுக்குப் போ. போனெக் கட் பண்ணாதே. உனக்க வண்டிச் சத்தம் எனக்குக் கேக்கணும்."

வண்டிச் சத்தம் கேட்டது. மழை கேட்டது. பிறகு கடல் கேட்டது. அவள் அடுக்களை நடுவில் நின்றுகொண்டே இருந்தாள்.

"சேச்சி, கதவு தொறந்துதான் கெடக்கு. ரெஜிஷா! பிள்ளே ரெஜிஷா!"

"அவளெப் பெறவு தேடலாம். மாமாவெப் பாரு."

"வேர்த்துக் குளிச்சுக் கெடக்காரு சேச்சி. கையி ஐஸ் மாதிரி இருக்கு. கண்ணு பாதி மூடியிருக்கு."

"பேரு கேளு."

"மாமா, உங்களுக்க பேரென்ன?"

தூரத்தில் இருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "எலே... வலையெ எவன்லே அறுத்தது..."

"சத்தம் வருது. விழுங்குவாரு" என்றாள் விமலகுமாரி. "தலையெத் தூக்கித் தலகாணி ரெண்டு வச்சு இருத்து. பெறவு அடுக்களைக்குப் போயி சீனி எடு."

"சீனி எங்க இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"ஹார்லிக்ஸ் குப்பியில இருக்கும். எல்லா வீட்டிலயும் அதுலதான்."

அதில்தான் இருந்தது.

"மூணு ஸ்பூன் சீனி, அரைக் கிளாஸ் வெள்ளம். வாயில ஊத்தப்பிடாது, கேட்டியா. ஸ்பூன்ல குடு. ஒண்ணு இறங்கினது கண்டபெறவு அடுத்தது."

"சேச்சி, பின்னால எங்கயோ டமடமன்னு தட்டுற சத்தம் கேக்குது."

"அது ரெஜிஷாவாக்கும். தட்டுறதுக்கு அவளுக்குச் சக்தி இருக்குல்லா, தட்டட்டும். நீ அடுத்த ஸ்பூனெக் குடு."

பன்னிரண்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதால் அது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பதின்மூன்றாவது நிமிடத்தில் சிலுவைதாசனின் குரல் தெளிவாக வந்தது. "இது என்னடே, சீனி வெள்ளம்? இந்த வீட்டில சோறு வைக்கலியா?"

அப்போதுதான் விமலகுமாரிக்கு முட்டு வலிப்பது தெரிந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இனி போயி அவளெத் தொறந்து விடு" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். அந்த வீட்டில் குளியலறை பின்பக்கம், வெளியே. உப்புக்காற்றில் துருப்பிடித்துப்போன இரும்புத் தாழ்ப்பாள். ரெஜிஷா ஊசி போட்டுவிட்டு, சோற்றைத் தட்டில் போட்டு அடுக்களையில் மூடி வைத்துவிட்டு, போனையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றுக்குப் போனாள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது போட்ட இடத்திலேயே இறுகிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டார் ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தார்கள். ஜெனில் வண்டியில் இருந்த லிவரைக் கொண்டு நெம்பித் திறந்தபோது அவள் விரலெல்லாம் துருவும் இரத்தமும்.

போனை வாங்கிக்கொண்டு அழுதாள். "ஒரு மினிட்டுன்னுதான் போனேன் சேச்சி. மாதா சத்தியமா ஒரே ஒரு மினிட்டுதான்."

"தெரியும் மக்கா. முதல்ல அவருக்குச் சோறு குடு. பெறவு அழலாம்."

அன்று சாயங்காலமே சங்கதி குரூப் முழுக்கத் தெரிந்துவிட்டது. சரசம்மா குரலில் பேசி அனுப்பினாள்: "அவளுக்க ஒரு மினிட்டு ஊரறிஞ்சதாக்குமே. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல." இன்னொருத்தி சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ரெஜிஷா குரூப்பை விட்டு விலகிவிட்டாள் என்று திரையில் ஒரு வரி வந்தது.

விமலகுமாரி அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜிஷா போய்விட்டால் சிலுவைதாசனின் "குத்தியாச்சு"வும் "தின்னாச்சு"வும் போய்விடும். அந்த வீட்டை அதன் பிறகு பார்க்க ஆளில்லை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரெஜிஷா மூன்று வருடத்தில் ஒரு முந்நூறு தடவையாவது "ஒரு மினிட்" என்று எழுதியிருப்பாள். முந்நூறும் தப்பு. அன்று எழுதியது ஒன்றுதான் நிஜமாகவே ஒரு மினிட்டு வேலை. அந்த ஒன்றைத்தான் அவள் இருபத்தைந்தால் பெருக்கிவிட்டு உட்கார்ந்து சாளை தின்றாள்.

மறுநாள் காலை பாறசாலையில் பஸ் ஏறினாள். முட்டில் பட்டி கட்டியிருந்தாள். வழியெல்லாம் ஜெனிலின் சாயாதான் மனதில் ஓடியது. மூன்று வருடமாக அவனிடம் நேரம் கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் உண்மை வந்ததில்லை. நேற்று, முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டதும் வந்துவிட்டது. பாதிச் சாயா. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அஞ்சு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பாதிச் சாயா எவ்வளவு என்று தெரியும்.

ரெஜிஷா அவளை எதிர்பார்க்கவில்லை. விரல்களில் பிளாஸ்திரி. காப்பி போட எழுந்தவளை உட்கார வைத்தாள் விமலகுமாரி.

"நான் இனி குரூப்புல இல்ல சேச்சி. எல்லாரும் சிரிக்குதாங்க."

"தப்பு எனக்காக்கும்."

"உங்களுக்கா?"

"நீ ஒரு மினிட்டுன்னு எழுதின. நான் அரை மணிக்கூருன்னு வாசிச்சேன்."

"எப்பவும் அரை மணிக்கூர் ஆகும்லா சேச்சி."

"ஆகும். அதனாலதான் அப்பிடி வாசிச்சேன். சரி, நீ எதுக்கு ஒரு மினிட்டுன்னு எழுதுத? அத மட்டும் சொல்லு."

ரெஜிஷா யோசித்தாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "வேற என்ன எழுத? நீங்க பேசிட்டிருக்கும்போ நான் சும்மா எழும்பிப் போனா மரியாதையில்லியே. இப்ப வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்லா."

அது சரிதான் என்று பட்டது விமலகுமாரிக்கு. வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது குடையை எடுப்பார், சேலையைச் சரிசெய்வார், வாசலில் நின்று இன்னும் கொஞ்சம் பேசுவார். போகிறார் என்று நமக்குக் கண்ணால் தெரிந்துவிடும். போனில் வாசலும் கிடையாது, குடையும் கிடையாது. அந்த இடத்தை நிரப்பத்தான் எல்லோரும் ஒரு நேரத்தைத் தூக்கிப் போடுகிறார்கள். கேட்பவர் மனம் நோகக்கூடாது என்று, இருப்பதிலேயே சின்ன நேரமாகப் பார்த்து. மரியாதைக்குச் சொன்னதை அவள் மருந்துச் சீட்டு மாதிரி வாசித்திருக்கிறாள். நேற்று, ஊசி போட்ட நேரத்தில், மருந்துச் சீட்டாக வந்ததையும் மரியாதை மாதிரி வாசித்துவிட்டாள்.

கட்டிலில் இருந்து சிலுவைதாசன் இவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ரெண்டு பேரும் சேந்து என்னெக் கொல்லப் பாத்துட்டு இப்ப நியாயம் பேசுதீங்க."

"சத்தம் போட்டிருக்கலாம்லா?" என்றாள் விமலகுமாரி.

"போட்டேன். அவளும் அங்கயிருந்து போட்டா. கடலும் போட்டுது. யாரு யாருக்க சத்தத்தெக் கேக்க?"

அன்று அவள் அங்கே மூன்று காரியம் செய்தாள். ஜெனிலை வரவழைத்துத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவுக்கு ஒரு நைலான் கயிறு கட்ட வைத்தாள். சோற்றுத் தட்டு கட்டிலுக்குப் பக்கத்தில், சிலுவைதாசனின் இடது கைக்கு எட்டும் இடத்தில் வந்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும் என்று ரெஜிஷாவிடம் சொன்னாள். மூன்று இன்சுலின் வீடுகளுக்கும் இதுதான் இனி. மூன்றாவது, தன் போனை எடுத்து ரெஜிஷாவைத் திரும்பக் குரூப்பில் சேர்த்தாள்.

பிறகு கண்டிப்பான குரலில் குரூப்புக்குப் பேசி அனுப்பினாள்: "நேத்து நடந்ததுக்கு ரெஜிஷாவெ யாரும் ஒண்ணும் சொல்லாண்டாம். நான் ஒரு மணிக்கூர் சும்மா இருந்தேன், அது எனக்க பிழை. இனி இதுல யாரும் நேரம் எழுதாண்டாம். எழும்பிப் போகும்போ என்ன வேலைக்குப் போறீங்களோ அத எழுதுங்க. அது எவ்வளவு நேரம்னு நான் கண்டுபிடிச்சிக்குவேன்."

"பிள்ளே, கக்கூசுக்குப் போனாலும் எழுதணுமா?" என்று சரசம்மா உடனே கேட்டாள்.

"அத முக்கியமா எழுதணும்."

"தெய்வமே, இந்த வயசில எனக்கு இது வேணுமா!"

இரண்டு மூன்று நாள் எல்லோரும் இதை வைத்துச் சிரித்தார்கள். ஜெனில், "மூக்கு சீந்தப் போறேன்" என்று எழுதினான். பிறகு பழகிவிட்டது. "அரிசி களையப் போறேன்." "கோழியெ அடைக்கப் போறேன்." சரசம்மாவின் அரை மணி எங்கே போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது, அவள் வீட்டுக் கோழிகளில் ஒன்று முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டு இறங்காது. ஏழு வீட்டிலும் யாருக்கும் நிமிடக் கணக்குத் தெரியாது. ஆனால் உலை கொதிக்க எவ்வளவு, துணி உலர்த்த எவ்வளவு என்று ஏழு வீட்டுக்கும் தெரியும். விமலகுமாரிக்குப் பெருக்க வேண்டிய தேவை குறைந்தது.

முழுக்கத் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு மாதத்தில் பாதிப்பேர் "இப்ப வாறேன்" என்பதற்கே திரும்பிவிட்டார்கள். இன்சுலின் வீடுகளை மட்டும் அவள் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுமி அயர்லாந்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில், "அம்மா, ரெண்டு மினிட்" என்று வந்தது. வழக்கமாக விமலகுமாரி போனைக் கவிழ்த்து வைப்பாள். அன்று, "என்ன வேலை?" என்று எழுதினாள்.

பதில் வரக் கொஞ்சம் நேரமானது. "ஒண்ணும் இல்லம்மா. நைட் டூட்டி முடிஞ்சு வந்தது. தூக்கம் வருது. அதச் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

இருபத்திரண்டு வருடம் ராத்திரி டூட்டி பார்த்தவளுக்கு அதன் நீளம் தெரியாதா? "உறங்கு" என்று எழுதினாள். வேறொன்றும் எழுதவில்லை.

ரெஜிஷா ஒருநாள் கூடத் தவறவில்லை. போன வாரம் ஒரு மத்தியானம் அவளிடமிருந்து வந்தது: "குத்தியாச்சு. தின்னாச்சு. குளிக்கப் போறேன்."

சோறு உள்ளே போய்விட்டது. இனிப் பயம் இல்லை. ஆனாலும் விமலகுமாரி கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தக் குளியலறை, அந்த வாளி, அந்தத் தலைமுடி: பதினெட்டு நிமிடம். இருபதாவது நிமிடம் போன் அடித்தாள். முதல் அழைப்பிலேயே ரெஜிஷா எடுத்தாள்.

"சேச்சி, குளிச்சு வெளிய வந்தாச்சு. முடி துவட்டிட்டிருக்கேன்!"

"அப்ப அதயும் எழுது."

பின்னால் இருந்து சிலுவைதாசன் சத்தம் போட்டார். "அவளெ நிம்மதியாத் துவட்ட விடு பிள்ளே!"

கடல் இரைச்சலையும் மீறி அது நன்றாகவே கேட்டது. விமலகுமாரி போனை வைத்துவிட்டு, ஆறிப்போயிருந்த தன் சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தாள்.